ஒரே ஹார்மோன், இரண்டு மாத்திரை

“நீர்க்கட்டி இருக்கு, தாடையில முடி வளருது, தலையில கொட்டுது” என்று சென்னையில் கேட்கும் அதே முறையீடுதான் அந்தமானில் வாழும் நம் பெண்களிடமும். இதற்குக் காரணமான ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரைகளில் ஸ்பைரோனோலாக்டோன், ஃபினாஸ்டரைடு என்ற இரண்டையும் ஒப்பிட்டே ஆக வேண்டும். கணவர் முடிக்குப் போடும் மாத்திரையை மனைவியும் போட்டுப் பார்ப்பது ஆபத்தில் முடியக்கூடும்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மயிர்க்காலில் டிஹெச்டி என்ற வீரியமான வடிவமாக மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியை ஃபினாஸ்டரைடு தடுக்கிறது. ரத்தத்தில் டிஹெச்டி சுமார் 70 சதவீதம் குறைந்துவிடும். ஸ்பைரோனோலாக்டோனோ ஹார்மோன் போய் ஒட்டும் ஏற்பியையே மறித்துக்கொள்கிறது. பருவில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எண்ணெய்ச் சுரப்பியில் மிகுதியாக இருப்பது நொதியின் முதல் வகை. ஃபினாஸ்டரைடு தடுப்பது பெரும்பாலும் இரண்டாம் வகையை. அதனால் பருவுக்கு அதை நம்ப முடியாது. ஸ்பைரோனோலாக்டோனை 410 பெண்களிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு 2023இல் வெளியானது. 12 வாரத்தில் பலன் கொஞ்சம்தான், 24 வாரத்தில் நன்றாகவே தெரிந்தது. இரண்டு மாதத்தில் அலுத்து நிறுத்துகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஸ்பைரோனோலாக்டோன் முதலில் ரத்த அழுத்தத்துக்கும் உடலில் நீர் கோப்பதற்கும் வந்த மருந்து. பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும். தென்னை செழித்த தீவில் பொட்டாசியம் நிறைந்த இளநீரை விட வேண்டுமா? சிறுநீரகம் நன்றாக உள்ள இளம்பெண்கள் பயப்பட வேண்டியதில்லை: 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 1,800 ரத்தப் பரிசோதனைகளில் பொட்டாசியம் கூடியிருந்தது 0.72 சதவீதத்தில் மட்டுமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போடுபவர்களும் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும்.

ஃபினாஸ்டரைடு 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் 1 மி.கி. அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில ஆண்களுக்கு ஆசை குறையும், மனச்சோர்வும் வரலாம். ஸ்பைரோனோலாக்டோனை ஆண்கள் போட்டால் மார்பு பெருக்கக்கூடும். முடிக்காக அவர்களுக்கு அது வேண்டாம்.

கர்ப்பத்தில் இரண்டும் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணி கையால்கூடத் தொடக் கூடாது.

தெற்குக் கோடியில் உள்ள கேம்பல் பே பெண்ணுக்கு ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்பு போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனை 500 கி.மீ.க்கும் அப்பால். அவருக்கு ஸ்பைரோனோலாக்டோன் எழுதும் டாக்டர், கருத்தடைக்கு என்ன வழி என்று பேசி முடித்து, தேவையான ரத்தப் பரிசோதனையையும் அவர் கப்பல் ஏறுமுன்பே எடுத்துவிட வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் அடுத்த கப்பலுக்குக் காத்திராமல் அன்றே மாத்திரையை நிறுத்தி, உள்ளூர் ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொள்ளச் சொல்லி அனுப்ப வேண்டும்.