பேங்க்ரோல் மேனேஜ்மென்ட்: போக்கர் ஆட்டக்காரர்களின் பணக் கணக்கு எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது?

நன்றாக ஆடத் தெரிந்தவரும் மொத்தப் பணத்தையும் விட்டுவிட்டு எழுந்து போகும் ஆட்டம் போக்கர். அதைத் தடுக்க ஆட்டக்காரர்கள் கடைப்பிடிக்கும் கட்டுப்பாடுதான் பேங்க்ரோல் மேனேஜ்மென்ட். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கருக்கு இந்தியாவில் இப்போது தடை இருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏன்னா, 'சின்னதா ஆரம்பிங்க, பெருசா வளரலாம்' என்ற பேச்சு போக்கரோடு நிற்பதில்லை.

பேங்க்ரோல் என்றால் என்ன?

ஆட்டத்துக்கென்றே தனியாக ஒதுக்கிவைத்த பணம். அது முழுசாகப் போனாலும் வாடகையோ, இஎம்ஐ-யோ, வீட்டுக்கு அனுப்பும் பணமோ நிற்கக் கூடாது. சம்பளக் கணக்கிலிருந்து ராத்திரி 1 மணிக்கு யுபிஐ-யில் எடுத்துப் போடுவது பேங்க்ரோல் அல்ல.

ஒரு மேசையில் உட்காரும்போது கொண்டுபோகும் தொகைக்கு 'பை-இன்' என்று பெயர். ஒவ்வொரு ஹேண்டிலும் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயங்களில் பெரியது 'பிக் பிளைண்ட்'. வழக்கமான பை-இன் அதைப் போல 100 மடங்கு. ₹5/₹10 மேசை என்றால் பிக் பிளைண்ட் ₹10, பை-இன் ₹1,000.

எத்தனை பை-இன் தேவை?

நல்ல ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 100 ஹேண்டுக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிறார். ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம், 100 ஹேண்டுக்கு 90 பிக் பிளைண்ட் என்று வைப்போம். நோ-லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தில் இது சாதாரணம்தான்.

இவரைப் போன்ற 10 பேர் தலா 10,000 ஹேண்ட் ஆடினால், முடிவில் சுமார் 3 பேர் நஷ்டத்தில் இருப்பார்கள். ஆட்டத்தில் தப்பே இல்லை, சீட்டு அப்படி விழுந்தது, அவ்வளவுதான்.

இவர் மேசையை மாற்றாமலே ஆடினால், என்றாவது ஒருநாள் பேங்க்ரோல் காலியாகும் வாய்ப்பு இது:

• 10 பை-இன் இருந்தால்: சுமார் 29%
• 20 பை-இன் இருந்தால்: சுமார் 8%
• 40 பை-இன் இருந்தால்: 1%-க்கும் கீழே

பலரும் 20 முதல் 40 பை-இன் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். டோர்னமென்ட்டில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம் என்பதால் 100 பை-இன் வரை வைத்திருப்பவர்கள் உண்டு.

பெரிய மேசைக்கு எப்போது போவது?

₹5/₹10 மேசைக்கு 30 பை-இன் என்றால் ₹30,000. அடுத்த மேசையான ₹10/₹20-க்கு அதே விதிப்படி ₹60,000 வேண்டும். ₹60,000 சேர்ந்ததும் மேலே போகலாம். அங்கே இழந்து ₹50,000-க்கு வந்துவிட்டால் மறுபேச்சில்லாமல் பழைய மேசைக்கு இறங்க வேண்டும்.

ஏறுவது எல்லோருக்கும் முடியும். இறங்குவதுதான் கஷ்டம். 'பெரிய மேசையில் விட்டதை சின்ன மேசையில் எப்போ பிடிக்கிறது?' என்று மனசு கேட்கும். தோற்ற கோபத்தில் நிதானம் இழந்து ஆடுவதை ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். எப்போது இறங்குவது என்பதை உட்காரும் முன்பே எழுதிவைப்பது அதனால்தான்.

விதியைப் பின்பற்றியவரும் பின்பற்றாதவரும்

2000-ம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட்டை வென்றவர் கிறிஸ் ஃபெர்குசன். 2006-ல் ஃபுல் டில்ட் தளத்தில், ஒரு டாலர்கூடப் போடாமல் இலவச டோர்னமென்ட்டில் தொடங்கி 10,000 டாலர் வரை போவது என்று அவர் ஒரு சவாலை எடுத்துக்கொண்டார். சாதாரண மேசையில் பேங்க்ரோலின் 5%-க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. மேசையில் இருக்கும் பணம் 10%-ஐத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். உலக சாம்பியனுக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

மறுபக்கம் ஸ்டூ அங்கர். 1980, 1981, 1997 என மூன்று முறை அதே மெயின் ஈவென்ட்டை வென்றவர். ஜெயித்ததைக் குதிரைப் பந்தயம் முதலான பந்தயங்களிலும் போதைப்பொருளிலும் விட்டார். 1998-ல் லாஸ் வேகாஸ் விடுதி அறை ஒன்றில் இறந்தபோது அவரிடம் சொத்து என்று எதுவும் இல்லை.

எதைக் காப்பாற்றாது?

முதலாவது, தோற்கும் ஆட்டக்காரரை. மேலே உள்ள கணக்கு முழுவதும் 'சராசரியாக ஜெயிப்பவர்' என்ற அடிப்படையில் போட்டது. ஜெயிக்கும் வேகம் பாதியானால், 40 பை-இன் இருந்தும் காலியாகும் வாய்ப்பு 8%-க்கு ஏறிவிடும். ஒருவர் எடுப்பது இன்னொருவர் இழந்தது. நடுவில் தளம் 'ரேக்' என்ற பெயரில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் மொத்தமாகப் பார்த்தால் ஆடுபவர்களுக்கு நஷ்டம்தான். சராசரியாகத் தோற்பவர் எத்தனை பை-இன் வைத்திருந்தாலும், பணம் காலியாகும் நாள் தள்ளிப்போகுமே தவிர வராமல் இருக்காது.

இரண்டாவது, தளமே ஏமாற்றினால். ஃபெர்குசன் ஆடிய அதே ஃபுல் டில்ட்டை 2011-ல் அமெரிக்க அரசு முடக்கியது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்தான் என்று அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது. அந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர்.

இந்தியாவில் இப்போது என்ன நிலை?

ஆன்லைன் விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே இல்லாமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் இந்தச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ₹1 கோடி வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. ஆனால் சட்டவிரோத வெளிநாட்டுத் தளத்தில் பணம் போட்டு அது திரும்ப வரவில்லை என்றால், அதை மீட்பது மிகக் கடினம்.

டிரேடிங்குக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தை எஃப்&ஓ பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93% பேர் நஷ்டமடைந்ததாக செபி ஆய்வு சொல்கிறது. மொத்த நஷ்டம் ₹1.8 லட்சம் கோடிக்கு மேல். 'ஒரு டிரேடில் 2%-க்கு மேல் ரிஸ்க் வேண்டாம்' என்ற அறிவுரை நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கட்டணம், வரி எல்லாம் போக நான் உண்மையிலேயே ஜெயிக்கிறேனா? ஒரு வருடக் கணக்கை எழுதிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கும் அளவுக்குப் போய்விட்டால், அது பேங்க்ரோல் பிரச்னை அல்ல. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.