பவுலின்ஷென் வைத்த தீ, கோர்யோ வைத்த தீ

1844ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம். ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தம் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடைவீதிக்குப் போனார். எதுவும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. வெற்று நோட்டு ஒன்றை வாங்கிவந்து, கதையும் படமும் தாமே போட்டுக் கொடுத்தார். மறு ஆண்டு அச்சேறிய அந்த நோட்டுதான் பின்னர் ‘ஷ்ட்ரூவெல்பேட்டர்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

அந்நூலில் வரும் பவுலின்ஷென் கதையை உற்றுப் பார்க்க வேண்டும். பெற்றோர் வெளியே போயிருக்கிறார்கள். தீப்பெட்டி சிறுமியின் கண்ணில் படுகிறது. வேண்டாம் என்று வீட்டுப் பூனைகள் இரண்டும் கத்துகின்றன. அவள் குச்சியை உரசுகிறாள். உடையில் பற்றிய தீ உடம்பெல்லாம் பரவுகிறது. முடிவில் மிஞ்சுவது சாம்பலும் ஒரு ஜோடிக் காலணியும்தான். பக்கத்தில் உட்கார்ந்து அழும் பூனைகளின் கண்ணீர் ஓடையாக ஓடுகிறது.

இதைக் கேட்ட குழந்தை தீக்குச்சியைத் தொடப் பயப்படலாம். ஆனால் உடையில் தீப்பிடித்துவிட்டால்? ஓடக் கூடாது, தரையில் விழுந்து உருள வேண்டும் என்பதற்குக் கதையில் இடமே இல்லை. யாரைக் கூப்பிடுவது, எந்தப் பக்கம் வெளியேறுவது என்பதற்கும் இல்லை. தீப்பிடித்த வீடுகளில் சிறு குழந்தைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் போய் ஒளிந்துகொள்வதைத் தீயணைப்பு வீரர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பயந்த குழந்தை ஒளியும். பயத்தை மட்டும் கொடுக்கும் கதை அந்த ஒளிதலுக்கு மாற்று எதையும் கொடுப்பதில்லை.

எனவே பாதுகாப்புக் கதை ஒன்றை எடைபோட இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். ஆபத்தின் அடையாளத்தைக் குழந்தைக்குக் காட்டுகிறதா? அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைக் கற்றுத்தருகிறதா? இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கத் தகுந்த இன்னொரு தீ ஜப்பானில் இருக்கிறது.

1854 டிசம்பர் 24. இன்றைய வகாயாமா மாநிலத்தில் உள்ள ஹிரோ கிராமத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. முதல் ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்து வாரியடித்தது, இருட்டிவிட்டது. சோயா சாஸ் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஹாமாகுச்சி கோர்யோ தாமே அலையில் சிக்கித் தப்பியவர். வழி தெரியாமல் இருட்டில் தத்தளித்தவர்களுக்கு மேட்டிலிருந்த ஹச்சிமான் கோயிலுக்குப் போகும் திசையைக் காட்ட, வயலோரத்து வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பலர் மேடேறினார்கள். அதன்பின் இன்னும் பெரிய அலை வந்தது.

1896இல் ஜப்பானின் சன்ரிக்குக் கடற்கரையில் சுமார் 22,000 பேர் ஆழிப்பேரலைக்கு இரையானார்கள். அடுத்த ஆண்டு வெளியான தம் நூலில் லாஃப்காடியோ ஹெர்ன் கோர்யோவின் கதையை எழுதினார். நடந்தது அவர் கையில் வேறு உருக்கொண்டது. 30 வயதைத் தாண்டியிருந்த கோர்யோ, குன்றின்மேல் வாழும் கிழவரானார். நிலநடுக்கம் மெல்லிய, நீண்ட அசைவானது. கடல் பின்வாங்குவதன் பொருள் கிழவருக்கு மட்டும் புரிகிறது. அறுவடை செய்த நெற்போர்களையே கொளுத்துகிறார். தீயணைக்க ஓடிவந்த ஊரார் உயிர் தப்புகிறார்கள். பள்ளி ஆசிரியர் நகாய் சுனேசோ இதைச் சுருக்கி எழுத, 1937 முதல் 1947 வரை ஜப்பானின் ஐந்தாம் வகுப்புப் பாடநூலில் அது இடம்பெற்றது. அமெரிக்காவில் மார்கரெட் ஹாட்ஜஸ் எழுதி பிளேர் லென்ட் படம் வரைந்த ‘தி வேவ்’ 1964இல் வந்தது.

கலையாகப் பார்த்தால் ஹெர்னின் மாற்றங்கள் அருமையானவை. ஓர் ஆண்டின் விளைச்சல் முழுவதும் எரியும் காட்சியைப் படித்த குழந்தை எளிதில் மறக்காது. ஆனால் பாதுகாப்புப் பாடமாக, உண்மைச் சம்பவமே கதையை விட வலுவானது. பலமாக நிலம் அதிர்ந்தால் உடனே மேடேறு. முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பிவிடாதே. இந்த இரண்டும் 1854இல் இருந்தன, கதையில் மங்கிப்போயின. மாறாக, கடல் பின்வாங்கினால்தான் ஆபத்து என்ற முடிவுக்கு ஒரு குழந்தை வந்துவிடக்கூடும். பின்வாங்காமலே பாய்ந்துவரும் அலைகளும் உண்டு.

ஹெர்னின் கதையில் கிழவருக்குப் பத்து வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான், பெயர் தாடா. பந்தம் கொளுத்திக் கொடுப்பவன் அவன்தான். எதற்கு என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. தாத்தாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அழுகிறான். குழந்தை வாசகர் தம்மை ஒட்டவைத்துப் பார்க்கும் பாத்திரம் கீழ்ப்படிகிறது, ஆனால் அறியவில்லை. இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எழுந்த 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் மை காவ் கடற்கரையில் நின்ற டில்லி ஸ்மித்துக்கும் பத்து வயதுதான். கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டதும், இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலை பற்றிக் கேட்டது அந்த இங்கிலாந்துச் சிறுமிக்கு நினைவு வந்தது. பெற்றோரிடம் விடாமல் சொன்னாள்; கரை காலியானது. அடையாளமும் காரணமும் தெரிந்ததால், எச்சரிப்பவளாக அங்கே ஒரு குழந்தையே இருந்தாள்.

அதே நாளில் இந்தோனேசியாவின் சிமெயுலுவே தீவில், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். அத்தீவு அலையை எழுப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. 1907இல் ஆழிப்பேரலையால் பட்ட அடியை அங்குள்ளவர்கள் ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லில் பொதிந்து, கதையிலும் தாலாட்டிலும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு. அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம்.

ஆனால் ஸ்மோங்கை அப்படியே நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்தால் பயன் பாதிதான். 2004இல் அன்று காலை இந்திய நேரப்படி 6.29க்கு சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அலை, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே கரையேறியது. காலடியில் பெரிய அதிர்வை உணராமலே மக்கள் கடலை எதிர்கொண்டார்கள். இந்தக் கரையில் வளரும் குழந்தைக்குத் தேவைப்படும் அடையாளங்கள் வேறு: கடலின் வழக்கத்துக்கு மாறான ஏற்றம், இறக்கம், இரைச்சல், கூடவே மனிதர் தரும் எச்சரிக்கை. 2007இல் ஐதராபாத்தில் தொடங்கிய இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையத்தின் செய்தி சைரனாகவும் ஒலிபெருக்கி அறிவிப்பாகவும் ஊருக்குள் வந்து சேர்வதைப் படமாகக் காட்டும் பக்கம் அக்குழந்தைக்கான புத்தகத்தில் இருக்க வேண்டும்.

2004க்குப் பின் கோர்யோவின் கதையைப் பல ஆசிய நாடுகளின் மொழிகளில் கொண்டுவர முயற்சி நடந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அயலூர்க் கதையை மொழிபெயர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. கோர்யோ தம் பணத்தில் ஊராருக்குக் கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கட்டிய கரை 1946 ஆழிப்பேரலையில் ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் அங்கு நடக்கும் விழாவில் பள்ளிப் பிள்ளைகள் மண் சுமந்துவந்து அந்தக் கரையில் கொட்டுகிறார்கள். புத்தகத்தில் படித்தது அவர்கள் கைக்கும் காலுக்கும் பழகிவிடுகிறது.

தமிழில் படப்புத்தகம் எழுதுவோரிடமும் வரைவோரிடமும் ஒரு வேண்டுகோள். நம் கடற்கரைக்கான ஆழிப்பேரலைக் கதையை நம் மீனவக் குழந்தைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள். அபாயத்தை முதலில் பார்ப்பவளாக ஒரு சிறுமியையே வையுங்கள். கடைசிப் பக்கத்தை வெற்றாக விட்டுவிடுங்கள். தன் வீட்டிலிருந்து அருகிலுள்ள மேடான இடத்துக்குப் போகும் வழியைக் குழந்தை அதில் தானே வரைந்துகொள்ளட்டும்.