தாளில் எழுதிய வாக்கு

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும்; வாக்குத் தவறாமையையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒரே தாளில் சந்தித்த காலம் ஒன்று உண்டு. அது மாகாண வங்கிகள் தத்தம் பெயரில் பணநோட்டு வெளியிட்ட காலம்.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாகாணத்திற்கென 1843ஆம் ஆண்டு சென்னை வங்கி தோன்றியது. 1806இல் வேரூன்றிய வங்காள வங்கியையும் 1840இல் எழுந்த பம்பாய் வங்கியையும் போல இதுவும் நோட்டு வெளியிடும் உரிமை பெற்றிருந்தது. கொண்டுவந்து கேட்பவர்க்கு ரூபாய் தருவதாக வங்கி அளித்த வாக்கே அந்நோட்டு.

சென்னை வங்கி நோட்டில் பொறிக்கப்பெற்ற உருவம் சர் தாமஸ் மன்றோவுடையது. 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக விளங்கிய அவர், 1792க்குப் பின் அலெக்சாண்டர் ரீடின் கீழ்ப் பாராமகால், சேலம் பகுதியில் நிலவரி வகுத்தவர். சேலம் நாட்டுக்கு அவர் அயலார் அல்லர். ஆயினும், அறிந்த பெயர் இருந்தால் போதுமா? வாக்கு நிறைவேறும் இடம் எட்டும் தொலைவில் இருக்க வேண்டாவா? மாகாண வங்கி நோட்டுகள் பெரும்பாலும் தலைநகரங்களிலேயே புழங்கின. சென்னையோ கொல்லியின் அடிவாரத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சாமை விற்றவன் கையில் அத்தாளைக் கொடுத்தால் அவன் எங்கே போய் மாற்றுவான்? தட்டினால் ஒலிக்கும் வெள்ளி ரூபாய்க்குச் சான்று வேண்டுவதில்லை.

1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் வங்கிகளின் அவ்வுரிமையை நீக்கியது. 1862 மார்ச் முதல் நாள் தொட்டு நோட்டு வெளியீடு அரசின் கடமையாயிற்று. கடன் பத்திரங்களை ஈடாக வைத்து வெளியிடும் நோட்டுக்கு நான்கு கோடி ரூபாய் வரம்பு. அதற்கு மேற்பட்டதற்கு நாணயமோ உலோகமோ கருவூலத்தில் இருத்தல் வேண்டும். இவ்வாறு வாக்குக்கு வலிமை கூடியது. எல்லை மட்டும் அகலவில்லை. நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால், ஒரு வட்டத்து நோட்டை மற்றொரு வட்டத்தில் மாற்றித் தரவேண்டும் என்னும் சட்டக் கட்டாயம் இல்லை. இவ்வேலியை முதலில் தாண்டியது பெருந்தொகை நோட்டன்று. 1903இல், பர்மா நீங்கலாக, ஐந்து ரூபாய் நோட்டே தாண்டியது. நூறு ரூபாய் நோட்டு அவ்வுரிமையை 1911இல்தான் பெற்றது.

சென்னை வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியில் கலந்தது; அதுவே 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. நோட்டு வெளியிடும் பொறுப்பு 1935இல் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தது.

சொல்லைச் செல்வமாகக் கொண்ட புலவர்க்கு இவ்வரலாறு புறம்பானதன்று. தாளில் எழுதிய சொல் எழுதியவர் பெயரால் மட்டும் செல்வதில்லை. அதை நம்பிக் கேட்டு வரும் எளியவனுக்கு, அவன் நிற்கும் இடத்திலேயே பொருள் தருமாயின், அதுவே நாணயம்.