செயலி யார் பெயரில்? மேக் கணினியும் பழைய கணக்குகளும்

மேக் கணினியில் ஒரு செயலியைப் புதுப்பிக்க முயலும்போது, என்றோ கைவிட்ட மின்னஞ்சல் முகவரியைக் காட்டி அதன் கடவுச்சொல்லைக் கேட்பது பலரும் கண்ட தொல்லை. இது கணினியின் பழுது அன்று. செயலியை வாங்கியவர் யார் என்ற கேள்வியில் பிறந்த சிக்கல் இது; அதற்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

தொடக்கத்தில் மேக் மென்பொருளுக்குக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. குறுவட்டிலோ இணையத்திலோ வாங்கியவருக்கு ஒரு வரிசை எண் கிடைக்கும். அதை உள்ளிட்டால் போதும். புதிய பதிப்புகளை அந்தந்த நிறுவனமே தந்தது. 2006இல் வந்த 'ஸ்பார்க்கிள்' என்ற இலவச நிரல்தொகுப்பு, செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வழக்கத்தைப் பரப்பியது.

கணக்குகள் வேறு வாசல்கள் வழியாக வந்தன. 2000இல் ஆப்பிள் 'ஐடூல்ஸ்' சேவையில் இலவச மின்னஞ்சல் முகவரி வழங்கியது. 2002இல் அது 'டாட் மேக்' என்ற கட்டணச் சேவையாகவும், 2008இல் 'மொபைல்மீ'யாகவும் மாறியது. இதனிடையே 2003 ஏப்ரல் 28 அன்று ஐடியூன்ஸ் இசைக்கடை திறந்தது. பாட்டு வாங்கப் பலர் வேறொரு முகவரியில் தனிக் கணக்கு தொடங்கினர். இப்படி ஒருவருக்கே இரண்டு, மூன்று கணக்குகள் சேர்ந்தன. அஞ்சலுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று இருந்தவரை அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை.

2011 ஜனவரி 6 அன்று ஆப்பிளின் செயலிக் கடையான மேக் ஆப் ஸ்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயலிகளோடு திறந்தபோது நிலைமை மாறியது. அங்கே வரிசை எண் மறைந்து, அதன் இடத்தில் ரசீது வந்தது. கடையில் இறக்கிய எந்தச் செயலியின் உள்ளடக்கத்தைத் திறந்தாலும் 'ரிசீட்' என்ற சிறு கோப்பு இருக்கும். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எந்தக் கணினி என்பவை ஆப்பிளின் மின்கையொப்பத்தோடு அதில் பதிந்திருக்கும். புதுப்பிப்பு என்பது வாங்கிய பொருளின் புதுப்பிரதி. ஆகவே வாங்கிய கணக்குக்கே அதைக் கொடுப்பது கடையின் விதியாயிற்று. நேற்றுவரை வெறும் அஞ்சல் முகவரியாக இருந்தது, சொத்துப் பத்திரத்தில் உள்ள பெயர்போல ஆகிவிட்டது.

இடர் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, கணக்கை மாற்றிக்கொண்டவர்கள். 2011 அக்டோபரில் ஆப்பிளின் புதிய சேவையான ஐகிளவுட் வந்து, 2012 ஜூன் 30இல் மொபைல்மீ மூடப்பட்டபோது பலர் புதுக் கணக்குக்குப் போயினர். வாங்கிய செயலிகள் பழைய கணக்கிலேயே தங்கின. இரண்டாவது, பழைய கணினியிலிருந்து புதியதற்கு மொத்தமாக நகலெடுத்தவர்கள். செயலியோடு ரசீதும் உடன் வந்தது. மூன்றாவது, பிறர் பயன்படுத்திய மேக்கை விலைக்கு வாங்கியவர்கள். ஐமூவி, கராஜ்பேண்ட் முதலிய ஆப்பிள் செயலிகள் முதல் உரிமையாளரின் கணக்கில் ஏறியிருந்ததால், முன்பின் அறியாத ஒருவரின் கடவுச்சொல்லைக் கணினி கேட்டது. 2017 ஏப்ரலில் இச்செயலிகள் எல்லோருக்கும் இலவசமானபின் இந்தத் தொல்லை தணிந்தது.

தீர்வுகளும் நாளடைவில் தெளிவாயின. பழைய கடவுச்சொல் நினைவிருந்தால், ஆப் ஸ்டோரில் மட்டும் அந்தக் கணக்கில் நுழைந்து புதுப்பித்துவிட்டுத் திரும்பலாம். செயலி இலவசமானதென்றால் அதை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலிசெய்து, புதுக் கணக்கில் மீண்டும் இறக்குவதே நேர்வழி. பழைய ரசீது போய்ப் புது ரசீது வரும். வெளி வட்டில் பழைய பிரதி கிடந்தால் அதையும் அகற்றுவது நல்லது. பணம் கொடுத்து வாங்கிய செயலிக்கு இவ்வழி உதவாது. புதுக் கணக்கில் மீண்டும் விலை கேட்கும். ஒருவர் வாங்கியதை மற்றவரும் பயன்படுத்த 2014இல் வந்த குடும்பப் பகிர்வு வசதியில் ஆறு பேர் வரை சேரலாம் என்பதால், சிலர் தம் பழைய கணக்கையே குடும்ப உறுப்பினராகச் சேர்த்துச் சமாளித்தனர்.

இரு கணக்குகளை ஒன்றாக்க முடியாது என்பதே நெடுங்காலம் ஆப்பிளின் விடையாக இருந்தது. 2025 பிப்ரவரியில்தான், ஒரு கணக்கின் கொள்முதல்களை இன்னொன்றுக்கு மாற்றும் வசதியை அது அறிவித்தது. அறிவித்த வேளையில் ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், இந்தியா ஆகிய இடங்களுக்கு அது தரப்படவில்லை.

முகவரி மாறினால் புதுக் கணக்கு தொடங்கத் தேவையில்லை. இருக்கும் கணக்கிலேயே முகவரியை மாற்றிக்கொள்ளலாம், வாங்கியவை அப்படியே இருக்கும். கணக்கைக் கைவிடுமுன் அதன் பெயரில் என்னென்ன வாங்கப்பட்டுள்ளன என்று ஒருமுறை பார்த்துவிடுவது, பின்னால் வரும் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.