தாதிப் பயிலுநர்: மாணவியா, ஊழியரா?

தாதியர் பயிற்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் விளக்கேந்திய சீமாட்டியோடு தொடங்கி அவரோடேயே முடித்துவிடுகின்றனர். புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெயரால் 1860 இல் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தொடங்கிய பயிற்சிப் பாடசாலை பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. இழிவாகப் பேசப்பட்டு வந்த வேலையொன்று கண்ணியமான தொழிலாக மாறியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் முடிச்சும் அங்கேயே விழுந்தது. பயில வந்த பெண்களே வாட்டு வேலையையும் சுமந்தனர். இம்மாதிரியைப் பின்பற்றிய வைத்தியசாலை நிர்வாகங்கள் அதன் பொருளாதாரத்தை விரைவிலேயே விளங்கிக்கொண்டன. பாடசாலையொன்று இருந்தால் மலிவான உழைப்பு ஆண்டுதோறும் தானாகவே வந்து சேரும். இலங்கை உள்ளிட்ட குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறியதும் இந்த முறையே.

1887 இல் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை நிறுவினார். மூன்றாண்டுப் பயிற்சியை முடித்தவர்களே பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பது அவரது வாதம். அதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் நைற்றிங்கேல் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். நற்குணத்தைப் பரீட்சையால் அளக்க முடியாது என்று அவர் கருதினார். அது முற்றிலும் தவறான கருத்தன்று. ஆனால் அந்த இழுபறியிலேயே ஒரு தலைமுறை கழிந்தது. நியூசிலாந்து 1901 இலேயே பதிவுச் சட்டத்தை இயற்றியது. பிரித்தானியாவிலோ 1919 வரை காத்திருக்க நேர்ந்தது.

பதிவேடு தகுதியை வரையறுத்ததேயன்றிப் பயிலுநரின் நிலையை மாற்றவில்லை. அமெரிக்காவில் 1923 இல் ஜோசஃபின் கோல்ட்மார்க் தயாரித்த அறிக்கை இதனைப் பட்டவர்த்தனமாகக் கூறியது. வைத்தியசாலையின் தேவையும் கல்வியின் தேவையும் மோதிய இடங்களிலெல்லாம் கல்வியே தோற்றது. நன்கு கற்றுத் தேறிய வேலையையே மாணவிகள் மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருந்தனர். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகம், றொக்ஃபெலர் நிதியத்தின் உதவியுடன், தனி நிதியும் தனிப் பீடாதிபதியும் கொண்ட தாதியர் பாடசாலையைத் தொடங்கியது. ஏனைய பாடசாலைகளுட் பெரும்பாலானவை பழைய தடத்திலேயே நீண்டகாலம் சென்றன.

பிரித்தானியாவில் திருப்பம் 1986 இல் வெளியான 'திட்டம் 2000' அறிக்கையோடு வந்தது. அதற்குள் நோயாளரும் மாறியிருந்தனர். முதுமையும் நீண்டகால நோய்களும் பெருகிப் பராமரிப்பு வைத்தியசாலைச் சுவர்களைத் தாண்டி வீடுகளுக்குச் சென்றிருந்தது. வாட்டில் மட்டும் பழகியவருக்கு அந்த வேலைக்கான ஆயத்தம் போதாது. 1989 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பயிற்சியில், மாணவர்கள் பெரும்பாலான காலத்துக்கு ஆளணிக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டனர். படித்தால் படுக்கை விரிக்கக் கைவராது என்ற ஏளனமும் உடன் கிளம்பியது. பட்டம் பெற்ற வைத்தியர் நோயாளியைத் தொடமாட்டார் என்று எவரும் சொல்வதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

அந்த ஏளனத்துக்கு எதிரான வலுவான சான்று 2014 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளிவந்தது. லிண்டா எய்கன் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், சத்திரசிகிச்சை பெற்ற 4,22,730 நோயாளரின் தரவுகளை ஆராய்ந்தனர். பட்டதாரித் தாதியரின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வின்படி, தாதி ஒருவர் கவனிக்கும் நோயாளரின் எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் மரண வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது. கல்வியைக் கூட்டி ஆளணியைக் குறைக்க நினைக்கும் அரசுகள் இந்த இரண்டாவது எண்ணை ஏனோ படிப்பதில்லை.

இங்கிலாந்தில் 2013 முதல் தாதியராகப் பதிவு பெறப் பட்டப்படிப்பு கட்டாயமாயிற்று. 2017 இல் புதிய மாணவருக்கான உதவிப்பணம் நிறுத்தப்பட்டது. விண்ணப்பங்கள் சரிந்த பின்னர் 2020 இல் ஒரு மானியம் திரும்பி வந்தது. இதனிடையே, வைத்தியசாலையில் சம்பளம் பெறும் ஊழியராக இருந்துகொண்டே பட்டத்துக்குப் படிக்கும் தொழிற்பயிலுநர் முறையும் அதே 2017 இல் அங்கு ஆரம்பிக்கப்பட்டது.