நூறு தடா: சொல்லும் தளிகையும்

நாச்சியார் திருமொழியின் 9ஆம் பதிகத்தில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஆண்டாள் வாயளவில் நேர்ந்துகொள்கிறாள். அவன் இன்று வந்து ஏற்றால் பன்மடங்காகத் தந்து அடிமையும் செய்வதாக அடுத்த பாசுரம் கூறும். அமுது செய்வித்ததாக அவள் பாடவில்லை. பின்னாளில் உடையவர் (1017–1137) அழகர் திருமுன்பே அந்நேர்ச்சையை நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் எழுந்தருள, நாச்சியார் அவரை அண்ணனாகக் கொண்டாடினாள் என்பது சம்பிரதாய வழக்கு. 'கோயில் அண்ணன்' என்ற திருநாமம் அதனால் வந்தது.

அன்னத்தைக் குறியீடாக மட்டுமே கொள்வார் இங்குச் சற்று நிற்க வேண்டும். ஆன்மாவை அன்னமாகவும் அன்னத்தை உண்பதாகவும் தைத்திரீயம் பேசும். ஆன்மா எம்பெருமானுக்குப் போக்யம் என்பர் பூருவாசாரியர். திருக்கோளூர்ப் பதிகத்து நாயகிக்கோ சோறும் நீரும் வெற்றிலையும் கண்ணனே. இவற்றை உடையவரினும் நன்கறிந்தார் யார்? பாசுரத்தின் சொல்லே நிவேதனம் என்று அவர் அமைந்திருக்கலாம். அமையவில்லை, பாலும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த தளிகையாகவே சமர்ப்பித்தார்.

திருப்பாவையிலும் இதுவே நிலை. 2ஆம் பாசுரத்தில் நெய்யும் பாலும் விலக்கிய ஆய்ச்சியர், 27ஆம் பாசுரத்தில் நெய் பெருகிக் கைவழியே ஒழுகும் பாற்சோற்றை வேண்டுகின்றனர். விலக்கியதும் வேண்டியதும் ஒரே பால், ஒரே நெய். கண்ணனோடு கூடியிருத்தல் ஒன்றே புதிது. மார்கழி 27, கூடாரவல்லியன்று, தடாக்கள் சிறு வட்டில்களாகச் சுருங்கினாலும் நூறு என்னும் எண்ணிக்கையை விடாத திருமாளிகைகள் உண்டு.