சோப்பைத் தின்ற பாறை

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், கலோல் போகும் வழியில் வயல் நடுவே தலையாட்டும் எண்ணெய் பம்புகளைப் பார்த்து வாயைப் பிளந்தேன். கிணறு 'ஓய்ந்த' பிறகும் பாதிக்கு மேல் எண்ணெய் பாறைத் துளைகளிலேயே தங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதை வெளியே கொண்டுவர, சோப்பு மாதிரியான சர்ஃபாக்டன்டைத் தண்ணீரில் கலந்து உள்ளே அனுப்புவார்கள். எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் மாதிரிதான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் இந்த முயற்சிகள் பெருகின. ஆனால் பாறை, குறிப்பாக அதிலுள்ள களிமண், சர்ஃபாக்டன்டைத் தன்மேலேயே ஒட்டவைத்துக்கொண்டது. எண்ணெயைத் தொடுமுன்பே பெரும்பங்கு காலி! எங்கள் வங்கி பாஷையில் வாராக்கடன். 1986-ல் எண்ணெய் விலை சரிந்ததும் கட்டுப்படியாகாமல் பல திட்டங்கள் நின்றன.

தீர்வு, மலிவான சலவை சோடா. காரம் சேர்த்தால் பாறைப் பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடும். அதே மின்னூட்டமுள்ள சர்ஃபாக்டன்டை அது விலக்கிவிடும். எண்ணெயிலுள்ள அமிலமும் காரத்தோடு சேர்ந்து சோப்பாகும். தண்ணீரைக் கெட்டியாக்க பாலிமரும் சேர்த்த இந்த மூன்று சரக்குக் கலவையை, 1987-ல் வயோமிங்கின் வெஸ்ட் கீல் வயலிலும், 1990-களில் சீனாவின் டாசிங்கிலும், 2002-ல் இங்கே பக்கத்து விராஜ் வயலில் ஓ.என்.ஜி.சி.யும் சோதித்தார்கள். ராஜஸ்தான் மங்களாவில் 2014-ல்.

எல்லா இடத்திலும் பலிக்காது. கால்சியம் மிகுந்த உப்புத்தண்ணீரில் சோடா படிந்து குழாயை அடைக்கும். போர் தண்ணீரில் துணி துவைக்கும் நம் வீட்டம்மாக்களுக்கு இது புதுசா என்ன?

கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு நாம். விலை உயர்ந்த சரக்கைக் காப்பாற்ற மலிவான சரக்கை முன்னால் அனுப்பும் இந்தக் கணக்கு, காமர்ஸ்காரனான எனக்கே பிடித்துப் போனது.